டைக் துரையின் சோலையும் வன்னிக் காடும்

கண்டி வீதியால் மத்தியான வெயிலில் சைக்கிள் மிதிச்சு வாறவைக்குச் சுண்டுக்குளியில் ஒரு நிழல் கிடைக்கும். அதுதான் பழைய பூங்கா. சின்ன வயதில் நாங்கள் அதை 'காடு' எண்டுதான் சொல்லுவம். இயற்கைக் காடு அரிதான குடாநாட்டில், நகரத்துக்குள் இருக்கும் ஒரே 'காடு' எங்களுக்கு அதுதான். ஆர் உண்டாக்கினது எண்டு கேட்டால் "வெள்ளைக்காரன்" என்பதோடு கதை முடிஞ்சிடும். மிச்சத்தை நாங்கள் கொஞ்சம் தேடிப் பார்த்தோம்.

அந்த வெள்ளைக்காரன் பேர்சிவல் அக்லண்ட் டைக். 1829இல் யாழ்ப்பாணத்தின் பொறுப்புக்கு வந்து, 1867இல் இறக்கும்வரை பெரும்பாலும் இங்கேயே இருந்தவர். வட மாகாணத்தின் அரசாங்க அதிபர். 'வடக்கின் ராஜா' என்று அவரைச் சொன்னார்கள். இன்றைய யாழ் போதனா வைத்தியசாலையின் தொடக்கமான 1850ஆம் ஆண்டு மருத்துவமனையும் அவருடைய முயற்சிதான். பூங்காவைத் தன் வீட்டைச் சுற்றி மரம் நட்டு வளர்த்து, பின்னால் வரும் அதிபர்களுக்கு விட்டுப் போனார். இவ்வளவும் நல்ல கதை.

ஆனால் அதே டைக் அதிபராக இருந்த காலத்தில்தான் 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் வந்தது. காடு, தரிசு, பயிரிடாத நிலம் எல்லாம், வேறொருவர் தன்னுடையது என்று நிரூபிக்கும்வரை, முடிக்குரியது என்று அது சொன்னது. இதில் அடிபட்டது சேனைக்காரன்தான். ஒரு துண்டைப் பயிரிட்டு, பிறகு சில வருசம் மண் ஆற விடுவான். அந்த இடைவெளியில் பற்றை வளரும். சட்டத்தின் கண்ணுக்கு அது காடு. உறுதியில்லாதவன் எதைக் காட்டுவான்?

இதற்குப் பிறகுதான் ஜேர்மன்காரர் வருகிறார். பொன் நகரில் பிறந்த டீட்ரிக் பிராண்டிஸ் ஒரு தாவரவியலாளர். 1856இல் பர்மாத் தேக்குக் காடுகளைப் பொறுப்பேற்றார். காட்டுக்குள் போய் மரங்களைச் சுற்றளவு வாரியாக எண்ணி, ஒரு வருசத்தில் எவ்வளவு வளருதோ அவ்வளவுதான் வெட்டலாம் என்று கணக்குப் போட்டார். 1864இல் இந்தியக் காடுகளின் முதல் தலைமை அதிகாரியானார். சென்னை மாகாண வனச் சட்டம் 1882இல் வந்தபோதும் அவருடைய ஆலோசனை இருந்தது. அதே வருசம் இந்திய வனத்துறை அதிகாரியான வின்சென்ட் என்பவர் இலங்கைக் காடுகளைப் பற்றி அறிக்கை கொடுத்தார். 1885இல் இங்கே வனச் சட்டம் வந்தது.

பிராண்டிஸை வில்லனாக்குவது லேசு. ஆனால் பர்மாவில் தேக்கங்கன்றுகளுக்கு இடையில் மலைவாழ் மக்களைப் பயிர்செய்ய விட்டவரும் அவர்தான். கிராமங்களுக்கென்று தனிக் காடு ஒதுக்க வேணும் என்று வற்புறுத்தியவரும் அவர்தான். அரசுகள் கணக்கை எடுத்துக்கொண்டன. கிராமக் காடு பெருமளவில் ஏட்டோடு நின்றது.

எங்களுக்கும் இதில் பங்கு இருக்குது. எங்கட பழைய கல்வீட்டுக் கதவுகளைத் தட்டிப் பாருங்கோ. முதிரையும் பாலையும் வன்னியிலிருந்து வந்தவை. குடாநாடு நிழலுக்குப் பூங்காவை வைத்துக்கொண்டு, மரத்துக்கு வன்னியைப் பார்த்தது. போர் முடிந்து வன்னிக்குத் திரும்பிய பலர், தாங்கள் முன்பு விதைத்த காணிக்குள் வனத் திணைக்களத்தின் எல்லைக் கல்லைக் கண்டார்கள். இடம்பெயர்ந்திருந்த வருசங்களில் வளர்ந்த பற்றைதான் திரும்பவும் 'காடு' ஆனது. 1840இன் கேள்விதான் இதுவும்: உறுதி எங்கே?

அதுக்காகக் காடு வேண்டாம் எண்டு நாங்கள் சொல்லேல்லை. வெட்டித் தள்ளுகிறவனும், நாலு பரப்பில் கச்சான் போடுகிறவனும் ஒன்றில்லை என்றுதான் சொல்கிறோம். பழைய பூங்காவில் ஒரு மரத்தை வெட்டினால் நாங்கள் கட்டாயம் சத்தம் போடுவோம், போடவும் வேணும். ஆனால் வன்னியில் ஒரு காணிக்குக் கல் நடும்போதும் அதே சத்தம் எங்களிடமிருந்து வருமா?