யாழ்ப்பாணத்தில் ஓகஸ்ட் 15

யாழ்ப்பாணத்தில் இந்தியத் துணைத் தூதரகம் 2010 நவம்பரில் திறக்கப்பட்டது. இந்திய சுதந்திர தினமும் குடியரசு தினமும் இங்கே கொண்டாடப்படுகின்றன. துணைத் தூதுவர் மூவர்ணக் கொடியை ஏற்றுவார். இந்திய ஜனாதிபதியின் உரை வாசிக்கப்படும்.

ஓகஸ்ட் 15 அன்று இந்திய உயர்ஸ்தானிகர் கோட்டேயிலுள்ள அமைதிப்படை நினைவுத்தூபியில் மலர்வளையம் வைப்பது வழக்கம். பலாலியிலும் ஒரு தூபி இருக்கிறது. 1987 முதல் 1990 வரை இந்தத் தீவில் இறந்த இந்தியச் சிப்பாய்கள் ஆயிரத்துக்கும் அதிகம். அவர்களை நினைவுகூர்வதை நான் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் எங்களுக்கு இன்னொரு திகதியும் உண்டு. 1987 ஒக்டோபர் 21, தீபாவளி நாள். யாழ். போதனா வைத்தியசாலைக்குள் புகுந்த அமைதிப்படையினர் சுட்டதில் மருத்துவர்கள், தாதியர் உட்படப் பணியாளர்கள் 21 பேரும் நோயாளர்கள் பலரும் கொல்லப்பட்டனர். வைத்தியசாலையில் ஆண்டுதோறும் அவர்களுக்கு அஞ்சலி நடக்கிறது.

போருக்குப் பின் இந்தியாவின் நன்கொடையில் வடக்கு கிழக்கில் 46,000 வீடுகள் எழுந்தன. காங்கேசன்துறை ரயில் பாதையும் வந்தது. அது நன்கொடையல்ல, கடன். இந்திய வீட்டில் குடியிருந்துகொண்டே ஒக்டோபரில் சுடரேற்றுகிறவர்களும் எங்களிடையே இருக்கிறார்கள். அதில் முரண் எதையும் நான் காணவில்லை. இரு நாட்டு நட்பென்றால், அந்த 21 பேரின் படங்களுக்கு முன்னாலும் தூதரகத்தின் மலர்வளையம் ஒன்று இருக்கவேண்டும் என்பதே என் எண்ணம். அந்தக் கொலைகளுக்காக இதுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை.