பல மரம் கண்ட தச்சன்

“பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்” என்பது நம் நாட்டுப் பழமொழி. முப்பதாண்டுகளுக்கு மேல் ஆசிரியத் தொழில் புரிந்த நான், இதனை எத்தனை மாணவர்களுக்குச் சொல்லியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. ஒன்றைப் பற்றுக, அதனையே உறுதியாகப் பற்றுக என்பதே என் அறிவுரையாக இருந்தது. அவ்வறிவுரையைத் திருத்திக்கொள்ளுமாறு என்னைச் செய்தது ஓர் ஆங்கிலேயரின் வரலாறு. அதனையே இன்று நேயர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

வில்லியம் மாரிஸ் என்பது அவர் பெயர். 1834-ஆம் ஆண்டு, இலண்டனை அடுத்த வால்தம்ஸ்டோ என்னும் ஊரில் செல்வக் குடியிற் பிறந்தார். அவர் வளர்ந்த காலம் ஆலைகள் ஓங்கிய காலம். நெய்பவன் ஒருவன், சாயமிடுபவன் வேறொருவன், துணிக்குக் கோலம் வரைந்து கொடுப்பவன் மற்றொருவன். ஒருவன் முகத்தை ஒருவன் அறியான். தாளில் வரைந்தவனுக்குத் தறியின் இயல்பு தெரியாது. தறியில் நின்றவனுக்குத் தன் வேலையின் முழு வடிவம் தெரியாது. பொருள்கள் பெருகின; அவற்றின் அழகோ குன்றியது.

மாரிஸ் சமயத் தொண்டராகும் எண்ணத்துடன் ஆக்ஸ்போர்டில் பயின்றார். பின்னர் அவ்வெண்ணத்தைக் கைவிட்டு, 1856-இல் ஸ்ட்ரீட் என்னும் கட்டடக் கலைஞரிடம் பயிற்சிக்குச் சேர்ந்தார். ஓராண்டு நிறையுமுன் அதனையும் விட்டு ஓவியம் பயிலப் புகுந்தார். அங்கும் பெரும்பெயர் பெற்றாரில்லை. இருபத்து நான்கு வயதில் அவரைக் கண்ட எந்தத் தலைமையாசிரியரும், நான் கூறிய பழமொழியைத்தான் கூறியிருப்பார்!

ஆயினும் கற்ற எதுவும் வீண்போகவில்லை. அவர் நண்பர் பிலிப் வெப் வரைந்த திட்டப்படி 1860-இல் அவருக்குச் சிவப்பு மாளிகை என்னும் வீடு எழுந்தது. அவ்வீட்டிற்கு ஏற்ற பொருள்கள் கடைகளில் அவர் மனத்திற்கு ஒத்தவாறு கிடைக்கவில்லை. நண்பர்கள் கூடித் தாங்களே சுவரில் ஓவியம் தீட்டினர். திரைகளில் பூத்தையல் இட்டனர். அதன் பயனாக 1861-இல் ஒரு கூட்டு நிறுவனம் பிறந்தது. வண்ணக் கண்ணாடி, மரச்சாமான், சுவர்த்தாள் ஆகியவை அங்கு உருவாயின. சுவர்த்தாளைத் துத்தநாகத் தகடு கொண்டு தாமே அச்சிட முயன்று மாரிஸ் தோற்றார். பின்னர் மர அச்சுக்கட்டைகளால் அச்சிடுவோரிடம் அதனை ஒப்படைத்தார். தோல்வியும் ஒரு பாடமாயிற்று.

அவர் வாழ்வில் நான் பெரிதும் வியக்கும் பகுதி இனித்தான் வருகிறது. 1856-இல் பெர்க்கின் என்பவர் செயற்கைச் சாயத்தைக் கண்டறிந்ததிலிருந்து பழைய செடிச்சாயங்கள் மறையத் தொடங்கியிருந்தன. புதிய சாயங்களின் பகட்டு மாரிஸுக்குப் பிடிக்கவில்லை. ஆகவே 1875 முதல் லீக் என்னும் ஊரில், தாமஸ் வார்டில் என்பவரின் சாயச்சாலையில் இறங்கித் தாமே வேலை செய்தார். கவிஞர் என நாடறிந்த பின்னரும், முழங்கைவரை அவுரி நீலம் படிந்த கையராய் அவர் சாயத்தொட்டியருகே நின்றார். 1879-இல் தம் படுக்கையறையிலேயே தறியொன்றை நிறுத்தி, சித்திர நெசவைத் தாமே பழகினார். முதல் திரையை நெய்து முடிக்க ஐந்நூறு மணி நேரத்திற்கு மேலாயிற்று.

இவ்வளவு உழைப்பு எதற்கு? சுவர்த்தாள் தட்டையாக ஒட்டப்படுவது. திரைச்சீலை மடிப்பு மடிப்பாகத் தொங்குவது. கம்பளம் காலடியிற் கிடப்பது. ஒன்றுக்கேற்ற கோலம் மற்றொன்றுக்கு ஏலாது. இவ்வேற்றுமையைக் கண் மட்டும் கற்றுத் தராது. கையும் கற்றுத் தர வேண்டும். 1883-இல் அவர் வடிவமைத்த ‘ஸ்ட்ராபெரித் திருடன்’ என்னும் துணியே இதற்குச் சான்று. தம் தோட்டத்துப் பழங்களைப் பறவைகள் கவர்வதைக் கண்டு வரைந்த கோலம் அது. முதலில் துணி முழுவதையும் அவுரியில் தோய்ப்பர். பின்னர் வெளுக்கும் மருந்தை அச்சுக்கட்டையால் ஒற்றி வேண்டிய இடங்களில் நீலத்தை நீக்குவர். அதன்பின் சிவப்பும் மஞ்சளும் ஏற்றுவர். சாயத்தொட்டியின் இயல்பை அறியாத ஓவியனுக்கு இக்கோலம் மனத்திலேயே எழுந்திராது.

கட்டடக் கலையிற் பெற்ற அறிவும் இறுதியிற் கைகொடுத்தது. 1891-இல் கெல்ம்ஸ்காட் அச்சகத்தைத் தொடங்கினார். பதினைந்தாம் நூற்றாண்டு வெனிஸ் நகரத்து அச்செழுத்துகளைப் பெரிதாக்கிப் பார்த்துப் புதிய எழுத்துகளை வரைந்தார். எதிரெதிராக அமையும் இரு பக்கங்களையும் ஒரே கட்டடத்தின் முகப்பைப் போலக் கருதி விளிம்பு வகுத்தார். அவ்வச்சகம் 1896-இல் வெளியிட்ட சாசர் நூலில் 87 மரச்செதுக்குப் படங்கள் உள்ளன. அதே ஆண்டு அக்டோபரில், 62-ஆம் வயதில், மாரிஸ் மறைந்தார்.

குறையையும் மறைத்தல் ஆகாது. கையால் செய்த பொருள் விலை மிகுந்தது. ஆதலின் செல்வரே அவற்றைப் பெரும்பாலும் வாங்கினர். உழைப்போர் இல்லங்களுக்கு அழகு சேர வேண்டும் என முழங்கிய மாரிஸை இம்முரண் இறுதிவரை வருத்தியது. அவரால் அதனைத் தீர்க்க இயலவில்லை.

இவ்வரலாறு நம்மையும் தொட்டுச் செல்கிறது. கொழும்பிற் பிறந்த நம் ஆனந்த குமாரசுவாமி நிலவியல் அறிஞர். பின்னர் கலையாராய்ச்சியாளர் ஆனவர். இலங்கையின் கைவினைகளைப் பற்றிய தம் பெருநூலை 1908-இல் அவர் அச்சிட்டு முடித்தது, மாரிஸின் சாசர் நூலை அச்சிட்ட அதே கைப்பொறியிலேயாகும்!

என் பிழை ஒன்றையும் கூறி முடிக்கிறேன். தலைமையாசிரியனாக இருந்த நாளில், பொதுத்தேர்வு நெருங்கும்போதெல்லாம் ஓவிய வகுப்பையும் கைத்தொழில் வகுப்பையும் கணக்கிற்கு மாற்றிக் கொடுத்தவன் நான். ஓவிய ஆசிரியர் ஒன்றும் சொல்லாமல் கால அட்டவணையைப் பார்த்துவிட்டுச் செல்வார். அம்மௌனத்தின் பொருள் அன்று எனக்கு விளங்கவில்லை.

பழமொழி பொய்யன்று. பல மரங்களைக் கண்டுவிட்டு நகர்பவன் ஒன்றும் வெட்டான். மாரிஸோ ஒவ்வொரு மரத்தையும் இழைத்துப் பார்த்த தச்சர். இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமையை நம் பிள்ளைகள் உணர வேண்டுமாயின், இழைப்பதற்குரிய நேரத்தை முதலில் நாம் அவர்களுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும்.