நாணயமும் நிழற்படமும்

1938 சனவரியில் அமெரிக்க வானொலிக் கலைஞர் எடி கேன்டர், இளம்பிள்ளைவாத ஒழிப்பு நிதிக்குப் பத்து சென்ட் நாணயங்களை நேரே வெள்ளை மாளிகைக்கு அனுப்புமாறு மக்களை வேண்டினார். குவிந்தவை ஏறத்தாழ 26,80,000 நாணயங்கள். அக்குவியலே செய்தித்தாள்களுக்கு வாய்ப்பான காட்சியாயிற்று. 1944இல் குடியரசுத் தலைவர் ரூசுவெல்ட்டே, நிதியின் தலைவர் பேசில் ஓகானருடன் நாணயங்களை எண்ணும் கோலத்தில் நிழற்படத்திற்கு அமர்ந்தார். காற்கவசம் பூண்ட சிறார் சுவரொட்டிகளில் இடம்பெற்றனர்.

ரூசுவெல்ட்டும் 1921இல் அந்நோயால் நடை இழந்தவரே. ஆயினும் அவர்தம் சக்கர நாற்காலியைப் படமெடுக்கச் செய்தியாளர்க்கு இசைவில்லை. மீறியோரின் கருவியை மெய்க்காவலர் பறித்ததும் உண்டு. அவருடைய காற்கவசங்களுக்கோ, கண்ணிற் படாதிருக்கக் கறுப்பு வண்ணம் பூசப்பெற்றது. இரக்கத்தைத் தூண்டும் பொறுப்பு முழுவதும் சிறார் தலையில் விழுந்தது நெருடுகிறது. 1955இல் வெற்றி கண்ட சால்க்கின் தடுப்பூசி ஆய்வுக்குப் பொருளுதவி செய்ததும் அந்நிதியே.