சித்திக் பர்மக்கின் ‘ஒசாமா’: நீக்கப்பட்ட வானவில்

சித்திக் பர்மக் இயக்கிய ‘ஒசாமா’ (2003), தாலிபான் ஆட்சி வீழ்ந்தபின் ஆப்கானிஸ்தானில் உருவான முதல் முழுநீளத் திரைப்படம் என்றே பெரும்பாலும் அறிமுகப்படுத்தப்படுகிறது. இவ்வறிமுகம் இரண்டு முடிவுகளுக்கு இடந்தருகிறது. ஆப்கானியத் திரைப்படம் அயலார் துணையால் அப்போதுதான் பிறந்தது என்பது ஒன்று. மேற்குலகின் மீட்புக் கதையாடலுக்கு இப்படம் துணைபோயிற்று என்பது மற்றொன்று.

முதலாவது எளிதில் மறுக்கத்தக்கது. ‘ஆப்கன் ஃபிலிம்’ என்னும் அரசு நிறுவனம் 1968இலேயே காபூலில் தொடங்கப்பட்டது. 1962இல் பஞ்ச்ஷீரில் பிறந்த பர்மக், மாஸ்கோவில் திரைப்படக்கலை பயின்று 1987இல் முதுகலைப் பட்டம் பெற்றவர். 1992 முதல் 1996 வரை அந்நிறுவனத்தின் தலைவராகவும் இருந்தார். தாலிபான்கள் காபூலைக் கைப்பற்றியதும் அவர் நகரைவிட்டு வெளியேற நேர்ந்தது. நிறுவன ஊழியர்களோ படச்சுருள்களைப் பொய்ச்சுவருக்குப் பின்னே மறைத்துக் காத்தனர். ஈரானிய இயக்குநர் மொஹ்சென் மக்மல்பாஃபின் உதவி ‘ஒசாமா’வுக்குக் கிடைத்தது உண்மையே, ஆயினும் அவ்வுதவியைப் பெற்றவர் புதியவர் அல்லர்.

இரண்டாவது கருத்து விரிவாக நோக்கத்தக்கது. குடும்பத்தில் ஆண்துணையற்ற சிறுமியொருத்தி, முடி வெட்டப்பட்டுச் சிறுவன் வேடத்தில் வேலைக்குச் செல்கிறாள். வானவில்லின் கீழ் நடப்போர் பால் மாறுவர் என்னும் கதையைப் பாட்டி அவளுக்குச் சொல்கிறாள். படத்தின் முதற்பெயரே ‘வானவில்’தான்; விடுதலையைச் சுட்டும் முடிவொன்றும் அதற்கு இருந்தது. பர்மக் பெயரை மாற்றியதோடு அம்முடிவையும் நீக்கினார். பாட்டியின் கதை மட்டும் எஞ்சியது. வெளிவந்த வடிவில், சிறுமி முதிய முல்லாவுக்கு மனைவியாக்கப்படுகிறாள். தனக்கான பூட்டை அவளே தெரிந்துகொள்ளும்படி அவர் பல பூட்டுகளை அவள்முன் காட்டுகிறார். காபூலின் விடுதலையைக் காண உலகம் விழைந்திருந்த ஆண்டில், அவ்விடுதலையைக் காட்டும் காட்சியை ஓர் ஆப்கானியர் தாமே வெட்டியெறிந்தார் என்பது, மீட்புக் கதையாடல் பற்றிய விமர்சனத்தில் போதிய கவனம் பெறவில்லை என்பது என் கருத்து.

மற்றொரு சான்றும் படத்திற்குள்ளேயே உண்டு. தொடக்கத்தில் பெண்களின் ஊர்வலத்தை நாம் அயல்நாட்டுச் செய்தியாளர் ஒருவரின் கேமரா வழியாகவே காண்கிறோம். பின்னர் அவருக்கு மரணதண்டனை விதிக்கப்படுகிறது. பார்ப்பவராக வந்தவர் எவரையும் மீட்கவில்லை, தம்மையும் காத்துக்கொள்ளவில்லை.

எனினும், இப்படம் 2004இல் அயல்மொழிப் பிரிவில் கோல்டன் குளோப் விருது பெற்றபோது, அதைச் சூழ்ந்த அரசியலிலிருந்து அது முற்றிலும் விலகி நின்றது என்று வாதிடுதல் மிகையாகும். பர்மக்கின் அடுத்த படமான ‘ஓபியம் வார்’ (2008) இச்சிக்கலை வெளிப்படையாகவே எடுத்துக்கொள்கிறது. அதில் ஹெலிகாப்டர் விழுந்து பாலையில் சிக்கிய அமெரிக்கப் படைவீரர் இருவர், கைவிடப்பட்ட சோவியத் பீரங்கி வண்டியை வீடாக்கி அபின் பயிரிட்டு வாழும் ஆப்கானியக் குடும்பத்தைக் காண்கின்றனர். மீட்பு இப்போது அவ்வீரர்களுக்கே தேவைப்படுகிறது.