காலியான ஆசனம் சொல்லும் கதை

சாஞ்சிப் பெரிய ஸ்தூபியின் கிழக்குத் தோரண வாயிலில் ஒரு காட்சி. சித்தார்த்தர் அரண்மனையைத் துறந்து வெளியேறுகிறார். நகரம் இருக்கிறது, குதிரை இருக்கிறது, அதன் மேல் குடையும் பிடிக்கிறார்கள். ஆனால் குதிரையின் முதுகில் யாருமே இல்லை! முடிவில் குடையின் கீழ் பாதச்சுவடுகள் மட்டும் தெரிகின்றன. குதிரை திரும்புகிறது.

கி.மு. 2, 1ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த பர்ஹுத், சாஞ்சி சிற்பங்களில் புத்தர் இப்படித்தான் வருகிறார். போதி மரம் என்றால் ஞானோதயம், சக்கரம் என்றால் முதல் உபதேசம், ஸ்தூபி என்றால் பரிநிர்வாணம்.

சிற்பிகளுக்கு மனித உருவம் செதுக்கத் தெரியாதா என்றால், அதுவும் இல்லை. யட்சர்கள், அரசர்கள், மக்கள் என்று கூட்டம் கூட்டமாகச் செதுக்கியிருக்கிறார்கள். ஜாதகக் கதைகளில் புத்தரின் முற்பிறவிகளுக்கும் உருவம் உண்டு. சாஞ்சியின் வடக்கு வாயிலில் வெஸ்ஸந்தர இளவரசன் மனிதனாகவே நிற்கிறான். கடைசிப் பிறவிக்கு மட்டும்தான் உருவம் இல்லை. ஆகவே இது திறமைக் குறைவு அல்ல, தெரிந்தே செய்தது எனலாம்.

ஏன் அப்படிச் செய்தார்கள்? இங்குதான் அறிஞர்கள் மோதிக்கொள்கிறார்கள். இவை புத்தருக்குப் பதிலாக வைத்த சின்னங்கள் என்பது ஆல்ஃபிரட் ஃபூஷே வழிவந்த கருத்து. 1990இல் சூசன் ஹண்டிங்டன் இதை மறுத்தார். பல சிற்பங்கள் புத்தரின் வாழ்க்கையைக் காட்டவில்லை, பிற்காலப் பக்தர்கள் புனிதத் தலங்களை வழிபடுவதையே காட்டுகின்றன என்றார். 1991இல் வித்யா தெஹேஜியா, ஒரே சின்னம் பல பொருள் தரலாம் என்று பதில் எழுதினார்.

பர்ஹுத்தில் அஜாதசத்ரு மன்னன் ஓர் ஆசனத்தையும் பாதச்சுவடுகளையும் வணங்குகிறான். அதிலுள்ள பிராமி எழுத்து, அவன் பகவானை வணங்குவதாகவே சொல்கிறது. ஆசனம் காலிதான், ஆனால் செதுக்கியவருக்கு அது காலியாகத் தெரியவில்லை! ஆகவே எல்லாவற்றையும் வெறும் தல யாத்திரைக் காட்சி என்று ஒதுக்கிவிட முடியாது என்பது என் எண்ணம்.

கி.பி. முதல் இரு நூற்றாண்டுகளில் காந்தாரத்திலும் மதுராவிலும் புத்தர் சிலைகள் பெருகின. இந்த மாற்றத்துக்கு ஒரே கல்லில் சாட்சி இருக்கிறது. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலுள்ள அமராவதிப் பலகை ஒன்றில், பழைய பக்கத்தில் போதி மரத்தடியில் காலி ஆசனம். சுமார் கி.பி. 3ஆம் நூற்றாண்டில் அதைத் திருப்பிச் செதுக்கிய மறுபக்கத்தில் புத்தரே நிற்கிறார்.

லண்டன் போக முடியாவிட்டால் என்ன? அமராவதிச் சிற்பங்கள் நம் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலும் உண்டு. அடுத்த முறை போகும்போது, அவற்றில் இருப்பவர்களை மட்டுமல்ல, இல்லாதவரையும் தேடிப் பாருங்கள்.