செயலும் பிறப்பும்: பின்னணி விசாரணையின் வரலாறு

கந்தளாயில் உத்தியோகம் தேடும் இளைஞன் ஒருவன் முதலிற் செல்லவேண்டிய இடம் கிராம உத்தியோகத்தரின் அலுவலகம். வதிவிடத்துக்கும் நன்னடத்தைக்கும் அங்கே சான்றிதழ் பெறவேண்டும். வெளிநாடு செல்பவனாயின் பெரும்பாலும் பொலிஸ் நற்சான்றிதழும் வேண்டப்படும். இவற்றை வெறும் அலுவலக நடைமுறைகளாகவே நாம் கருதிவிடுகிறோம். எனினும், ஒரு மனிதனின் பின்னணியை அரசு ஆராயத் தொடங்கும்போது இரு வேறு வினாக்கள் எழக் காண்கிறோம். “இவன் என்ன செய்தான்?” என்பது ஒன்று. “இவன் எக்குலத்திற் பிறந்தான், எவ்வூரிற் பிறந்தான்?” என்பது மற்றையது. முதல் வினா பொதுமக்களின் பாதுகாப்புக்கு உதவவல்லது. இரண்டாவது வினாவோ பாதுகாப்பின் பெயராலே கேட்கப்பட்டு, அநீதியையே விளைத்து வந்துள்ளது. எமது நாட்டின் வரலாறும் அயல்நாட்டின் வரலாறும் இதற்குச் சான்று பகர்கின்றன.

மனிதரை அடையாளங் காணும் கலை வங்காளத்தில் வளர்ந்தமை முதலில் நோக்கத்தக்கது. 1858இல் அங்கே வில்லியம் ஹேர்ஷல் என்னும் ஆங்கில அதிகாரி, ஒப்பந்தப் பத்திரமொன்றில் ஒப்பந்தக்காரரின் உள்ளங்கை அச்சைப் பதிப்பித்தார். 1897இல் கல்கத்தாவிற் கைரேகைப் பணியகம் தோன்றியது. ரேகைகளை வகைப்படுத்தும் முறையை உருவாக்கிய உழைப்பிற் பெரும்பங்கு அஸீஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்னும் இரு இந்திய உத்தியோகத்தருக்கு உரியது; அம்முறைக்கு வழங்கும் பெயரோ அவர்தம் மேலதிகாரி எட்வேட் ஹென்றியினுடையது. உழைத்தவர் ஒருவர், பெயர் பெற்றவர் வேறொருவர் என்பது குடியேற்ற ஆட்சியிற் புதுமையன்று.

ஒருவரின் கைரேகை இன்னொருவருக்கு அமைவதில்லை. ஆதலின், குற்றவாளியைப் பிரித்துக் காட்டவும், குற்றமற்றவனை விடுவிக்கவும் அது தக்க கருவியாகும். ஆனால், தனிமனிதனைத் தனிமனிதனாகக் காட்டவேண்டிய இக்கருவியையே, முழுச் சமூகங்களைக் குற்றவாளிகளாக முத்திரை குத்துவதற்கு ஆங்கில ஆட்சி பயன்படுத்தியது.

குற்றப்பரம்பரைச் சட்டம் 1871இல் வட இந்தியாவில் இயற்றப்பட்டது. சாதி பரம்பரையாக வருவதுபோலக் குற்றமும் பரம்பரையாக வரும் என்பதே அச்சட்டத்தின் அடிப்படை. 1911இற் கொண்டுவரப்பட்ட புதிய சட்டம் சென்னை மாகாணத்துக்கும் விரிவுற்றது. மதுரைப் பகுதியில் வாழ்ந்த பிரமலைக் கள்ளர் சமூகம் அதன்கீழ்க் கொண்டுவரப்பட்டது. களவு செய்தவனும் உழுதுண்டு வாழ்ந்தவனும் ஒருங்கே பதியப்பட்டனர். கைரேகை கொடுத்தல், இரவிற் பொலிசாரின் பார்வையில் இருத்தல், ஊர்விட்டுச் செல்ல அனுமதிச் சீட்டுப் பெறுதல் ஆகியன அவர்தம் அன்றாட வாழ்வாயின. மக்கள் இதனை ‘ரேகைச் சட்டம்’ என்றே அழைத்தனர்.

இச்சட்டத்தின் பொருளாதார வேரையும் நாம் மறத்தலாகாது. ஊர்க்காவல் புரிந்து, அதற்குரிய கூலியை ஊராரிடம் பெறுதல் கள்ளர் சமூகத்தாரின் பழைய உரிமைகளுள் ஒன்றாக இருந்தது. ஆங்கில ஆட்சியின் பொலிஸ் அமைப்பு அவ்வுரிமைக்கு இடமளிக்கவில்லை. நேற்றுவரை காவலராயிருந்தோரைப் பிழைப்புக்கு வழியின்றி விட்ட ஆட்சியே இன்று அவர்களைக் கள்வர் என்றது. வறுமையைப் பரம்பரை இயல்பு என்று பெயர் மாற்றி எழுதும் வித்தை இது.

1920 ஏப்ரல் 3ஆம் நாள் பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை பதிய மறுத்தனர். பொலிசார் சுட்டனர். ஒரு பெண் உட்படப் பத்துக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். நீண்ட போராட்டத்தின் பின்னர் 1947இற் சென்னை மாகாணத்திலும், 1952இல் இந்தியா முழுவதிலும் அச்சட்டம் ஒழிந்தது. சட்டம் ஒழிந்த பின்னரும் முத்திரை எளிதில் அழியவில்லை.

இனி எமது நாட்டை நோக்குவோம். 1968ஆம் ஆண்டின் ஆட்பதிவுச் சட்டப்படி 1972 முதல் தேசிய அடையாள அட்டை வழங்கப்பட்டது. ஒருவரை அவரே என்று உறுதிப்படுத்துவது அதன் நோக்கம், அந்நோக்கத்திற் குற்றமில்லை. ஆனால் 2014 வரை நாட்டின் ஏனைய பகுதிகளில் அட்டை சிங்களத்தில் மட்டும் அமைய, வடக்கிலும் கிழக்கிலும் அது சிங்களத்திலும் தமிழிலும் அமைந்தது. பிறந்த இடமும் அதில் எழுதப்பட்டிருந்தது. ஆகவே யுத்த காலத்துச் சோதனைச் சாவடியில் அட்டையை நீட்டியவுடனேயே அதன் எழுத்தே அவர்தம் பின்னணியாயிற்று. திருகோணமலை வீதியிற் பஸ்ஸிலிருந்து இறங்கி வரிசையில் நின்ற எம்மவர் இதனை நன்கறிவர்.

அரசின் அச்சம் கற்பனையன்று. 1996 ஜனவரி 31ஆம் நாள் மத்திய வங்கிக் குண்டுவெடிப்பில் ஏறத்தாழத் தொண்ணூறு பேர் மாண்டனர். அவர்கள் உழைத்து உண்ட பொதுமக்கள். அத்தகைய கொடுமையைத் தடுப்பது அரசின் கடமையே. எனினும் அக்கடமை எவ்வழியிற் சென்றது? 2007 ஜூன் 7ஆம் நாள் விடியற்காலையிற் கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த 376 தமிழர் பஸ்களில் ஏற்றப்பட்டு வடக்கையும் கிழக்கையும் நோக்கி அனுப்பப்பட்டனர். தக்க காரணமின்றித் தங்கியிருந்தனர் என்பதே கூறப்பட்ட குற்றம். வைத்தியத்துக்கும் கடவுச்சீட்டுக்கும் வேலைவாய்ப்புக்கும் வந்தோரே அவ்விடுதிகளில் வழக்கமாகத் தங்குவோர். அவர்களுள் எவர் என்ன செய்தார் என்று நீதிமன்றில் எவரும் நிறுவவில்லை. மறுநாளே உயர் நீதிமன்றம் இவ்வெளியேற்றத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது. சில நாட்களிற் பிரதமர் இரத்தினசிறி விக்கிரமநாயக்க வருத்தம் தெரிவித்தார்.

பன்னிரண்டு ஆண்டுகள் சென்றபின் இதன் மறுபக்கத்தை நாடு கண்டது. 2019 ஏப்ரல் 4ஆம் நாளே இந்தியப் புலனாய்வுத்துறையிடமிருந்து எச்சரிக்கை வந்தது. அது ஓர் இனத்தைப் பற்றியதன்று. குறித்த சில மனிதரையும் அவர்தம் திட்டத்தையும் பற்றியது. பாதுகாப்புக்கு வேண்டிய செய்தி இதுவே. அதன்மேல் தக்க நடவடிக்கை எடுக்கப்படவில்லை. ஏப்ரல் 21ஆம் நாள் உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களிலும் விடுதிகளிலும் இருநூற்றைம்பதுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். முன்னாள் ஜனாதிபதியும் உயரதிகாரிகளும் கடமை தவறினர் என்று 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. செயலை விசாரிக்கத் தவறிய இந்நாட்டிற் பின்னர் நிகழ்ந்தது யாது? முஸ்லிம் மக்கள் முழுவதும் ஐயத்துக்கு உள்ளாயினர். மே மாதத்தில் வடமேல் மாகாணத்தில் அவர்தம் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன.

எனவே, பின்னணி விசாரணையே வேண்டாம் என்று கூறலாமோ? ஆசிரியராகிய நாம் அவ்வாறு கூறமாட்டோம். 2002இல் இங்கிலாந்தின் சோகம் என்னும் சிற்றூரிற் பத்து வயதுச் சிறுமியர் இருவரைப் பாடசாலைப் பராமரிப்பாளன் ஒருவன் கொலை செய்தான். அவன்மீது முன்னர் எழுந்த முறைப்பாடுகள் பல வேறொரு பகுதிப் பொலிசாருக்குத் தெரிந்திருந்தன. அவன் வேலைக்கமர்த்தப்பட்டபோது அவை வெளிவரவில்லை. இக்குறையை ஆராய்ந்த குழு 2004இல் அறிக்கை வெளியிட்டது. சிறுவரோடு பணிபுரிவோரைச் சோதிக்கும் முறை அதன்பின் திருத்தியமைக்கப்பட்டது. அங்கும் கேட்கப்பட்டது செயல் பற்றிய வினாவே. அதே நாட்டின் 1974ஆம் ஆண்டுச் சட்டமொன்று, சிறு தண்டனை பெற்றவர் குறித்த காலம் குற்றமின்றி வாழ்ந்தால், பெரும்பாலான வேலைகளுக்கு அப்பழைய குற்றத்தைக் கணக்கிற் கொள்ளலாகாது என்றது. சிறுவரோடு பழகும் பணிகளுக்கு அச்சலுகை இல்லை. எவ்வேலைக்கு எதை விசாரிப்பது என்னும் எல்லையே இங்கு முதன்மையானது.

விசாரணை செயலோடு நிற்கட்டும். ஏற்கும் பணியோடு அது தொடர்புறட்டும். விசாரிக்கப்படுபவன் தன் ஏட்டில் எழுதப்பட்டதைக் கண்டு மறுமொழி கூறும் உரிமை பெறட்டும். முறைப்பாடு வேறு, நிறுவப்பட்ட குற்றம் வேறு என்பது ஏட்டில் தெளிவாக எழுதப்படட்டும். இவ்வெல்லைகள் இல்லாத விசாரணை காவலாகாது, கண்காணிப்பேயாகும்.

இக்கடமை அரசுக்கு மட்டும் உரியதன்று. பாடசாலையை விட்டு நீங்கும் மாணவனின் விடுகைப் பத்திரத்தில் அவனது நடத்தை பற்றி எழுதுபவரும் ஆசிரியரே. சேரியிலிருந்து வந்தவன், தந்தை சிறை சென்றவன், வேற்று மதத்தவன் என்னும் எண்ணம் அவ்வரியிற் புகுமாயின், ரேகைச் சட்டம் எமது மேசையிலேயே உயிர்பெற்றுவிடும். அம்மாணவன் செய்ததை எழுதுவோம். அவன் பிறந்ததை எழுதாதிருப்போம்.