எடுத்த முடிவுக்கு என்ன மதிப்பு? 'டிராகன் ஏஜ்' தொடரும் ரசிகர்களின் ஏமாற்றமும்

ஒரு கேமின் அடுத்த பாகம் ரசிகர்களுக்குப் பிடிக்காமல் போனால், அதற்கு ஒரு விளக்கம் எப்போதும் தயாராக இருக்கும்: ரசிகர்கள் பழையதையே திரும்பக் கேட்கிறார்கள், மாற்றம் என்றாலே அவர்களுக்கு ஆகாது. கனடாவின் எட்மண்டன் நகரத்தைச் சேர்ந்த பயோவேர் நிறுவனத்தின் 'டிராகன் ஏஜ்' தொடரைப் பற்றி 2011 முதல் நடந்துவரும் வாதப் பிரதிவாதங்களிலும் இந்த விளக்கம் பலமுறை தலைகாட்டியிருக்கிறது. தொடரின் வரலாற்றை ஊன்றிப் பார்த்தால் இது பொருந்தவில்லை. இதே ரசிகர்கள் மிகப் பெரிய மாற்றங்களை மனமுவந்து ஏற்றிருக்கிறார்கள். அவர்களுக்குப் பொறுக்க முடியாமல் போனது ஒன்றுதான்: யோசித்து முடிவெடு என்று தங்களிடம் கேட்ட கேமே, பிற்பாடு அந்த முடிவு எடுக்கப்படவே இல்லை என்பதுபோல நடந்துகொள்வது.

முதல் பாகமான 'டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்' 2009 நவம்பரில் வெளிவந்தது. 'பால்டர்ஸ் கேட்' (1998) மூலம் கணினியில் பாத்திரமேற்று ஆடும் கேம்களுக்குப் புதுவாழ்வு தந்த நிறுவனம், அந்த மரபிலேயே தனக்கென்று தெடாஸ் என்ற கற்பனை உலகத்தைப் படைத்துக்கொண்டது. ஆடுபவர் ஆறு பிறப்புக் கதைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தொடங்க வேண்டும். இது வெறும் அலங்காரமாக நின்றுவிடவில்லை என்பதைக் காட்ட ஓரிடம் போதும். கதையின் நடுவில் ஒர்ஸமார் என்னும் குள்ளர்களின் நிலத்தடி நகரத்தில் அரியணைப் போட்டி நடக்கிறது. ஒருபுறம் ஹாரோமான்ட்: நேர்மையானவர், பழமைவாதி, சாதி அடுக்கைக் கட்டிக்காப்பவர். மறுபுறம் பேலன்: சொந்த ரத்தத்தையே காவுகொடுத்து மேலேற நினைப்பவன், ஆனால் சாதியற்றவர்களுக்குக் கதவைத் திறந்துவிடுபவன். மனிதப் பிரபுவின் மகனாக ஆடுபவருக்கு இது அயல்நாட்டு அரசியல். குள்ளர் இளவரசனாகத் தொடங்கியவருக்கோ, பேலன் தன்னைச் சூழ்ச்சியில் சிக்கவைத்து நாடுகடத்திய தம்பி. சாதியற்ற குள்ளராகத் தொடங்கியவருக்கு அவன் தன் சகோதரியோடு வாழ்பவன். அவன் முடிசூடினால் குடும்பமே சேற்றிலிருந்து கரையேறும். கேள்வி ஒன்றுதான், ஆனால் அதன் கனம் ஆளுக்கு ஆள் மாறுகிறது. நல்லவரை அரசராக்கினால் நாடு கதவைச் சாத்திக்கொள்வதையும், கெட்டவனை ஆக்கினால் ஒடுக்கப்பட்டவர்கள் மூச்சுவிடுவதையும் இறுதியில் வரும் பின்கதைக் குறிப்புகள் சொல்கின்றன.

ஊடாட்ட ஊடகங்களின் இன்பம் எங்கிருந்து வருகிறது என்று ஜேனட் மரே 1997இல் எழுதிய நூலில் ஆராய்ந்தபோது, பொருளுள்ள ஒரு செயலைச் செய்துவிட்டு அதன் விளைவைக் கண்ணால் காணும் நிறைவை முதன்மையான இன்பங்களுள் ஒன்றாகக் குறித்தார். ஒர்ஸமார் தருவது அந்த நிறைவைத்தான். ஆனால் நிறைவோடு ஒரு பொறுப்பும் கூடவே வருகிறது. 1893இல் ஆர்தர் கோனன் டாயில் ஷெர்லக் ஹோம்ஸைச் சாகடித்தபோது வாசகர்கள் கொதித்தார்கள். எனினும் அந்தச் சாவு முழுக்க ஆசிரியரின் செயல், அதில் வாசகருக்குப் பங்கில்லை. ஒர்ஸமாரின் அரியணையில் யார் அமர்ந்தார் என்பது ஆடியவரின் செயல். அடுத்த பாகத்தை எழுதுபவர், பிறர் கையெழுத்து விழுந்துவிட்ட ஒரு ஆவணத்தின்மேல்தான் எழுதுகிறார்.

இந்த வெளிச்சத்தில் 2011 மார்ச்சில் வந்த 'டிராகன் ஏஜ் 2'ஐப் பார்க்க வேண்டும். முதல் பாகம் 2004இலேயே அறிவிக்கப்பட்டு ஆண்டுக்கணக்கில் உருவானது. இரண்டாம் பாகமோ அது வெளிவந்த 16 மாதங்களில் கடைக்கு வந்துவிட்டது. நிறுவனத்தை எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வாங்கி அப்போது சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அவசரம் திரையில் அப்பட்டமாகத் தெரிந்தது. ஒரே குகை வெவ்வேறு பெயர்களில் வந்துகொண்டே இருக்கும். ஒரு பாதையை அடைத்து இன்னொன்றைத் திறந்துவிட்டிருப்பார்கள், மூலையில் உள்ள சிறு வரைபடம் மட்டும் அடைத்த வழிகளையும் சேர்த்துக் காட்டும். ஒரு கூட்டத்தை வீழ்த்தி முடிப்பதற்குள் அடுத்த கூட்டம் வானத்திலிருந்து விழுந்ததுபோல வந்து குதிக்கும். ஆறு பிறப்புக் கதைகள் போய், மனித இனத்தவரான ஹாக் என்ற ஒரே நாயகப் பாத்திரம் மிஞ்சியது. இவை நியாயமான குறைகள். ஆனாலும் இவை வேலைத்திறனின் குறைகள். இன்னும் ஓராண்டு கிடைத்திருந்தால் பெரும்பாலும் சரியாகியிருக்கும். ஏமாற்றத்தின் வேர் இதைவிட ஆழத்தில் இருக்கிறது.

கதையின் அடிப்படைக் கற்பனை துணிச்சலானது என்றே நான் கருதுகிறேன். உலகைக் காக்கும் வீரனின் கதையை விட்டுவிட்டு, கிர்க்வால் என்ற ஒரு நகரத்தில் அகதியாக வந்து சேர்ந்த ஒருவரின் ஏறத்தாழ பத்தாண்டுகளைச் சொல்கிறது அது. சொல்பவர் ஹாக்கின் நண்பர் வேரிக். விசாரணை நாற்காலியில் உட்கார்ந்து சொல்கிறார். மந்திரவாதிகளுக்கும் அவர்களை அடைத்துவைத்திருக்கும் டெம்ப்ளர்களுக்கும் இடையிலான பகை முற்றி, ஆண்டர்ஸ் என்ற தோழன் கோயிலையே வெடிவைத்துத் தகர்க்கிறான். ஹாக்கால் அதைத் தடுக்க முடியாது. தாயின் கோர மரணத்தைத் தடுக்க முடியாததைப் போலவே. தனிமனிதரின் கைக்கு அடங்காத வரலாறு என்பது கனமான கருப்பொருள். சிக்கல் எங்கே வந்தது என்றால், கருப்பொருள் ஒன்றைச் சொல்ல, ஆட்டத்தின் வடிவம் வேறொன்றைச் சொன்னது. எந்தப் பக்கம் நிற்கிறாய் என்று கேம் இறுதிவரை கேட்டுக்கொண்டே இருக்கிறது. மந்திரவாதிகளின் பக்கம் நின்றால் அவர்களின் தலைவர் ஒர்சினோ, காப்பாற்ற வந்தவரின் கண்முன்னே விகார உருவெடுத்து அவரையே தாக்குகிறார். டெம்ப்ளர்களின் பக்கம் நின்றாலும் அவர்களின் தலைவி மெரெடித்தோடு சண்டையிட்டே தீர வேண்டும். எந்த வழியில் போனாலும் அதே சண்டைகள்தாம். 'உன்னால் முடியாது' என்று ஒரு துன்பியல் நாடகம் சொல்லலாம்; 'உன் கையில்தான் இருக்கிறது' என்று பலமுறை சொன்ன பிறகு அதைச் சொன்னால் பார்வையாளருக்குத் துயரம் வராது, கோபம்தான் வரும். பின்னாளில் பலர் இந்தப் பாகத்தை மறுமதிப்பீடு செய்து அதன் பாத்திரங்களையும் கருவையும் கொண்டாடியிருக்கிறார்கள். அந்தக் கொண்டாட்டமும் நியாயம், முதலில் எழுந்த கோபமும் நியாயம்.

மாற்றத்தை வெறுக்கிறார்கள் என்ற விளக்கத்துக்கு வலுவான மறுப்பு மூன்றாம் பாகம். 2014 நவம்பரில் வந்த 'டிராகன் ஏஜ்: இன்க்விசிஷன்' கேமை இயக்கும் மென்பொருள் இயந்திரத்தையே மாற்றியது, நகரத்துக்குப் பதிலாக மணிக்கணக்கில் அலையக்கூடிய பரந்த நிலப்பரப்புகளைத் தந்தது. ஹிண்டர்லேண்ட்ஸ் என்ற முதல் நிலப்பகுதியின் சில்லறை வேலைகளைப் பற்றி முணுமுணுப்பு இருந்தது உண்மை. ஆனாலும் தொடரின் ரசிகர்கள் அதைத் தங்களுடையதாக ஏற்றார்கள். அவ்வாண்டின் கேம் அவார்ட்ஸ் விழாவில் சிறந்த கேமுக்கான விருதும் அதற்கே கிடைத்தது. ஏன் ஏற்றார்கள்? 'டிராகன் ஏஜ் கீப்' என்ற இணையச் சேவையில் முந்தைய இரு பாகங்களில் எடுத்த முடிவுகளைப் பதிந்து, புதிய கேமுக்குள் கொண்டுபோக முடிந்தது. அந்தப் பதிவுக்குக் கதையில் உயிரும் இருந்தது. அடமன்ட் கோட்டைப் போருக்குப் பின் இருவரில் ஒருவரை ஆவியுலகில் விட்டுவர வேண்டிய கட்டம் வருகிறது. ஒருவர் ஹாக், ஆடுபவர் முன்பு வளர்த்தெடுத்த அதே ஹாக். மற்றவர் யார் என்பது 2009இல் எடுத்த முடிவைப் பொறுத்தது: முதல் பாகத்தின் தோழன் அலிஸ்டராக இருக்கலாம், உயிரோடு விடப்பட்ட அதன் எதிரி லோகெய்னாக இருக்கலாம், இருவரும் வாய்க்கவில்லையென்றால் ஸ்ட்ரௌட் என்ற வீரர். ஐந்தாண்டுகளுக்கு முன் இரக்கப்பட்டு விட்டுவைத்த உயிரை இப்போது பலிகொடுப்பதா என்று தயங்கியவருக்கு, எந்தப் புது இயந்திரமும் புது வரைபடமும் உறுத்தவில்லை.

தொடர் தன் நினைவில் எப்போதும் உண்மையாக இருந்தது என்று சொல்ல வரவில்லை. ஆரிஜின்ஸில் புனிதச் சாம்பலை மாசுபடுத்தினால் தோழி லெலியானா எதிர்த்து நின்று மடிய நேரும். அப்படி மடிந்தவள் அடுத்த பாகங்களில் நடமாடுகிறாள். ரசிகர்கள் இதைக் கவனித்தார்கள், கேள்வி கேட்டார்கள். ஆனால் இன்க்விசிஷன் அந்த முரண்பாட்டை மறைக்கவில்லை. அவள் மீண்டுவந்ததைக் கதைக்குள்ளேயே ஒரு புதிராக்கி அவளையே பேசவைத்தது. பொருந்தாததைப் பொருத்தக் காட்டிய அந்த அக்கறையே பலருக்குப் போதுமானதாக இருந்தது.

நான்காம் பாகமான 'டிராகன் ஏஜ்: தி வெயில்கார்ட்' 2024 அக்டோபர் 31 அன்று வெளிவந்தது. பத்தாண்டு இடைவெளி, நடுவில் பலர் சேர்ந்து ஆடும் ஆன்லைன் கேமாக மாற்றப்பட்டு, மீண்டும் ஒருவர் ஆடும் கதையாகத் திருப்பப்பட்ட நெடிய தவிப்பு. அதில் உள்ளே கொண்டுபோக முடிந்த பழைய முடிவுகள் மொத்தம் மூன்று: மூன்றாம் பாகத்தின் நாயகப் பாத்திரமான இன்க்விசிட்டர் யாரைக் காதலித்தார், தன் அமைப்பைக் கலைத்தாரா இல்லையா, தோழனாயிருந்து எதிரியான ஸோலஸைத் தடுப்பேன் என்றாரா திருத்துவேன் என்றாரா. மூன்றுமே மூன்றாம் பாகத்தைச் சேர்ந்தவை. முதல் இரண்டு பாகங்களிலிருந்து எதுவும் இல்லை.

கதை தெடாஸின் வடக்கே நடக்கிறது, தெற்கின் முடிவுகள் அங்கே எட்டத் தேவையில்லை என்று இதற்கு நியாயம் சொல்லப்பட்டது. கிளைகள் பெருகப் பெருக எழுதுவதும் நடிப்பதும் சோதிப்பதும் எவ்வளவு செலவு பிடிக்கும் என்பதை மறுக்க முடியாது. அந்த நியாயத்தில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் கதை தெற்கை விட்டு விலகி நிற்கவில்லை. முதல் பாகத்தின் தோழி மொரிகன் வருகிறாள், இன்க்விசிட்டரும் வருகிறார். மொரிகனுக்கு ஒரு மகன் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அது ஆரிஜின்ஸின் கடைசி இரவில் ஆடுபவர் எடுத்த முடிவு. வெயில்கார்டில் அவனைப் பற்றி ஒரு சொல்கூடக் கிடையாது. தெற்கு நாடுகள் கொடிய நோய்ப்படையால் சீரழிகின்றன என்பதை இன்க்விசிட்டரின் கடிதங்கள் வாயிலாக அறிகிறோம். ரசிகர்கள் பல ஆண்டுகளாக முடிவெடுத்து வடிவமைத்த அரசுகளின் கதி கடிதச் செய்தியாகக் கடந்து போகிறது.

இதைவிடக் கூர்மையான இடம் ஒன்று உண்டு. இன்க்விசிஷனில் துயரக் கிணறு என்ற தொன்மையான நீர்நிலை வருகிறது. அதைப் பருகுபவர் பழங்கால அறிவைப் பெறுவார், கூடவே மித்தால் என்ற தெய்வத்தின் விருப்பத்துக்குக் கட்டுப்பட்டவராகவும் ஆவார். நீ பருகுகிறாயா, மொரிகனைப் பருகவிடுகிறாயா என்று கேம் நிறுத்திக் கேட்கிறது. விடை தெரியாமல் ரசிகர்கள் பத்தாண்டுகள் சுமந்த கேள்வி அது. வெயில்கார்டின் ஒரு முடிவில் ஸோலஸின் மனத்தை மாற்றுவது மித்தாலே. அந்தக் காட்சியில் இன்க்விசிட்டரும் நிற்கிறார். அந்தக் கிணற்று நீரைப் பருகியவரும் தன்னால் கட்டுண்டவருமான ஒருவர் எதிரே நிற்கிறார் என்பது அந்தத் தெய்வத்துக்குத் தெரிந்ததாகவே காட்சி காட்டிக்கொள்வதில்லை. மூன்று பாத்திரங்களும் மேடையில் இருந்தும், ஒரு வரி வசனத்தில் தீர்ந்திருக்கக்கூடிய கடன் தீர்க்கப்படவில்லை. இதைச் செலவுக் கணக்கால் விளக்க முடியாது.

இதே மறதி உலகத்தின் அறத்தையும் தொட்டது. டெவின்டர் அடிமை வணிகத்தால் வாழும் பேரரசு என்று ஆரிஜின்ஸிலிருந்தே சொல்லிவந்தார்கள். முதல் பாகத்திலேயே கதை நடக்கும் நாட்டின் தலைநகரத்து எல்ஃப்களை டெவின்டரின் வணிகர்கள் வாங்கிச் செல்வதை ஆடுபவர் நேரில் காண்கிறார். இரண்டாம் பாகத்தின் ஃபென்ரிஸ் அங்கிருந்து தப்பிவந்த அடிமை. கடைசியில் கதை டெவின்டர் மண்ணிலேயே கால்வைக்கும்போது, அடிமைமுறை பெரும்பாலும் கண்ணுக்கு எட்டாத தொலைவுக்குப் போய்விடுகிறது.

இந்த இடத்தில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாகச் சுட்ட வேண்டும். வெயில்கார்டைச் சூழ்ந்த கூச்சலில் ஒரு பகுதி, பாலின அடையாளங்கள் கதையில் இடம்பெற்றதை எதிர்த்தது. அதை ரசிகர் விமர்சனக் கணக்கில் சேர்ப்பது தவறு. ஒருபாலுறவு முதல் பாகத்திலிருந்தே இத்தொடரில் உண்டு. இரண்டாம் பாகத்தில் முதன்மைக் காதல் பாத்திரங்கள் நால்வரையும் ஹாக் ஆணானாலும் பெண்ணானாலும் நேசிக்க முடிந்தது. தொடரை அறிந்தவருக்கு அதில் புதுமையும் இல்லை, அதிர்ச்சியும் இல்லை. எழுத்தாளர்களைத் தனிப்பட்ட முறையில் வதைப்பதும் விமர்சனம் ஆகாது. இந்த இரைச்சலைக் காரணம்காட்டி மேலே சொன்ன ஏமாற்றத்தையும் சேர்த்துத் தள்ளிவிடுவது, உண்மையான ரசிகர்களுக்கு இழைக்கப்படும் அநீதி.

பழைய முடிவுகளை இறக்குமதி செய்யாமலே 2023 ஆகஸ்டில் 'பால்டர்ஸ் கேட் 3' பெருவெற்றி பெற்றதே என்று கேட்கலாம். லேரியன் என்ற வேறு நிறுவனம் எடுத்து, சண்டை முறையையே மாற்றி, கதையை நூறாண்டுகளுக்கும் மேல் தள்ளிவைத்தது. அது பழைய கணக்கை ஏற்பதாக வாக்களிக்கவில்லை. தன் எல்லைக்குள் எடுக்கப்படும் முடிவுகளுக்குக் கடைசிவரை பதில் சொன்னது. பழைய ரசிகர்களை அது புண்படுத்திய இடமும் நம் வாதத்துக்கே வலுச்சேர்க்கிறது. விகோனியா, சரேவோக் என்ற பாத்திரங்களை 'பால்டர்ஸ் கேட்' இரண்டாம் பாகத்திலும் அதன் 2001ஆம் ஆண்டு விரிவாக்கத்திலும் ஆடுபவர் பொறுமையாகப் பேசித் தீமையிலிருந்து மீட்டெடுக்க முடிந்தது. மூன்றாம் பாகம் அவ்விருவரையும் பழைய கொடியவர்களாகவே கொண்டுவந்து நிறுத்தியது. மற்ற மாற்றங்களோடு காலப்போக்கில் சமாதானமானவர்களிலும் பலர் இதை இன்றும் மன்னிக்கவில்லை.

2025 ஜனவரியில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வெளியிட்ட தகவலின்படி வெயில்கார்டை அந்தக் காலாண்டில் ஆடியவர்கள் சுமார் 15 லட்சம் பேர். நிறுவனம் எதிர்பார்த்ததில் ஏறக்குறைய பாதி. அடுத்த மாதம் முதலீட்டாளர்களிடம் பேசிய அதன் தலைமை நிர்வாகி ஆண்ட்ரூ வில்சன், பலர் பகிர்ந்து ஆடும் உலக அம்சங்களை மக்கள் அதிகம் நாடுகிறார்கள் என்ற திசையில் காரணம் தேடினார். மேலே பார்த்த சான்றுகள் எதுவும் அந்த முடிவுக்கு இட்டுச்செல்லவில்லை. அந்நியரோடு சேர்ந்து ஆட முடியவில்லையே என்ற ஏக்கம் இத்தொடரின் ரசிகர்களுடைய முறையீட்டில் கேட்கவில்லை. மொரிகனின் மகன் எங்கே என்றுதான் கேட்டார்கள். கிணற்றின் நீரைக் குடித்தது நான்தானே, மித்தால் ஏன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை என்று கேட்டார்கள்.